லோரிக்கு எவ்வளவு மூச்சு வேண்டும்?

பழைய பெட்ஃபோர்டுக்கு மாற்றுக் கார்புரேட்டர் தேடியபோது கற்றவை

இன்று விற்பனைக்கு வரும் புதிய கார்களின் முன்மூடியைத் திறந்து பார்த்தால் கார்புரேட்டர் இருக்காது. கணினி சொல்கிற அளவுக்கு இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஆனால் 1985இல் வெளிவந்த நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர்தான் இருந்தது. புல்வெட்டும் இயந்திரங்களிலும் பழைய மோட்டார் சைக்கிள்களிலும் இன்னும் அதுதான் வேலை செய்கிறது. தோட்டப்புறங்களில் கொட்டகைக்குள் நிற்கும் பழைய லோரிகளுக்கும் அதுவே உயிர்.

வாகனத் தொழில்நுட்பம் பயிலும் எனக்கு அதை முழுமையாகப் புரிய வைத்தது பேராக்கில் உள்ள என் தாய்மாமாவின் பெட்ஃபோர்டு லோரி. 'ஓ' வரிசையைச் சேர்ந்த வண்டி அது. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் பெட்ஃபோர்டு என்ற பெயரில் 1939இல் அறிமுகப்படுத்தி, 1953 வரை தயாரித்த வரிசை. ஆறு சிலிண்டர், 3,519 சி.சி. பெட்ரோல் இயந்திரம். தாத்தா ஒரு காலத்தில் தோட்டத்தில் ஓட்டிய வண்டி. பிறகு மாமா வாங்கி வைத்துக்கொண்டார்.

கடந்த ஆண்டு அந்த வண்டி மேடு ஏறாமல் திணறத் தொடங்கியது. நின்ற இடத்திலேயே அணைந்துபோகும். பின்குழாயில் கறுப்புப் புகை. அந்த நேரத்தில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். "வண்டி ஓடலைன்னா வெச்சு என்னம்மா செய்யறது? தீபாவளிக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்" என்றார் மாமா. சரியான கார்புரேட்டர் கிடைத்தால் வண்டி வீட்டில் இருக்கும், இல்லையென்றால் போய்விடும் என்ற நிலை.

முதலில் குற்றவாளி யார்?

புதிய பாகம் தேடுவதற்கு முன் பழைய பாகம்தான் கெட்டது என்று உறுதி செய்ய வேண்டும். எங்கள் பயிற்றுநர் வகுப்பில் அடிக்கடி சொல்வது இது. தீப்பொறி பலவீனமாக இருந்தாலும், பாயிண்ட் இடைவெளி மாறியிருந்தாலும், வால்வு சரியாக மூடாவிட்டாலும் கார்புரேட்டர் கெட்டதைப் போலவே அறிகுறிகள் தெரியும்.

ஆகவே ஆறு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தோம். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. பாயிண்ட்டையும் தீப்பொறி நேரத்தையும் சரிசெய்தோம். அதன் பிறகும் திணறல் போகவில்லை. பிளக்குகளைக் கழற்றியபோது கரி படிந்திருந்தது. பெட்ரோல் தேவைக்கு அதிகமாகப் போகிறது என்பதற்கு அது அடையாளம். வெளிர் பழுப்பு நிறம் இருந்தால் கலவை சரி, வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்.

கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தோம். த்ராட்டில் தண்டு அதன் துளைக்குள் ஆடியது. அந்த இடைவெளி வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அதை ஈடுகட்ட யாரோ ஜெட்டின் துளையைப் பெரிதாக்கியிருந்தார்கள். அடித்தட்டின் ஒரு காதில் வெடிப்பும் இருந்தது. தண்டு மட்டும் தேய்ந்திருந்தால், கடைசல் இயந்திரத்தில் துளையைச் சீராக்கி, வெண்கலப் புஷ் பொருத்திப் பழையதையே காப்பாற்றியிருக்கலாம். பல கார்புரேட்டர்களுக்கு அந்த வைத்தியமே போதும். ஆனால் துத்தநாகக் கலவையில் வார்த்த உடலே வெடித்துவிட்டதால், மாற்று தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

இயந்திரம் ஒரு காற்றுப் பம்பு. அது நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கும் என்று தெரிந்தால்தான் கார்புரேட்டரின் அளவு தெரியும். கணக்கு எளிது.

நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். 3,519 சி.சி. என்பது ஏறக்குறைய 3.52 லிட்டர். எங்கள் வண்டியின் உச்ச வேலை வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று. அப்படியானால் 3.52 × 1,500 = 5,280 லிட்டர். ஆனால் எந்தப் பழைய இயந்திரமும் சிலிண்டரை முழுதாக நிரப்பிக்கொள்வதில்லை. நுழைவழியின் வளைவுகளும் வால்வுகளும் தடுக்கும். எண்பது விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் சுமார் 4,200 லிட்டர்.

கார்புரேட்டர் விற்பவர்கள் பெரும்பாலும் கன அடியில்தான் பேசுவார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். எனவே எங்கள் லோரிக்கு வேண்டியது நிமிடத்துக்குச் சுமார் 150 கன அடி காற்று. ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு பார்த்த ஒவ்வொரு பாகத்தையும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட்டேன்.

பெரிய தொண்டை நல்லதா?

"பெரிசா போட்டா இழுவை கூடும்" என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. படிவம் 5 இயற்பியலில் படித்த பெர்னூலி கோட்பாட்டை இங்கே நினைத்துப் பாருங்கள். கார்புரேட்டரின் நடுவே வெஞ்சுரி எனும் குறுகிய தொண்டை இருக்கிறது. அங்கே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவுதான் மிதவை அறையிலிருந்து பெட்ரோலை ஜெட் வழியாக மேலே இழுக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து கொடுப்பது காற்றின் வேகமே.

உதாரணத்துக்கு, 28 மில்லிமீட்டர் தொண்டைக்குப் பதில் 36 மில்லிமீட்டர் தொண்டையைப் பொருத்தினால் என்ன ஆகும்? அதே அளவு காற்று போகும்போது அதன் வேகம் பழைய வேகத்தில் 60 விழுக்காடாகக் குறையும். இழுவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம் என்ற அளவுக்கு விழுந்துவிடும். மெதுவாகச் சுமை இழுக்கும் லோரிக்கு இது பெரிய இழப்பு. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வண்டி இருமும், மேட்டில் மூச்சு வாங்கும். வேகமாகச் சுழலும் பந்தயக் காருக்குப் பெரிய தொண்டை பொருந்தும். நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாத லோரிக்குப் பொருந்தாது.

கைக்கு எட்டிய மூன்று வழிகள்

முதலாவது, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் புதிய மலிவுக் கார்புரேட்டர். பளபளப்பாக இருந்தது. ஆனால் உள்ளே இருக்கும் ஜெட் என்ன அளவு என்று விற்றவருக்குத் தெரியவில்லை. கலவை தவறினால் மாற்று ஜெட் எங்கே கிடைக்கும் என்பதும் தெரியவில்லை.

இரண்டாவது, ஹாஃப்-கட் கடையில் இருந்த ஜப்பானிய இரட்டைக் குழல் கார்புரேட்டர். தரமான பொருள்தான். ஆனால் அதன் அடித்தட்டு எங்கள் மேனிஃபோல்ட்டில் உட்காராது. இடையில் ஒரு தட்டு செய்ய வேண்டும். தட்டு போட்டால் உயரம் கூடும், காற்று வடிகட்டி முன்மூடியில் இடிக்கும், ஆக்சிலரேட்டர் கம்பிகளையும் மாற்றியமைக்க வேண்டும்.

குழல் எண்ணிக்கையில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அமெரிக்க வழக்கில் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் கார்புரேட்டர்களை 3 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டிலும், நான்கு குழல் வகையை 1.5 அங்குலத்திலும் சோதித்து எண் தருகிறார்கள். காற்றோட்டம் அழுத்த வேறுபாட்டின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. ஆகவே 350 என்று எழுதிய இரட்டைக் குழலை நான்கு குழல் அளவுகோலில் பார்த்தால் சுமார் 250தான். பெட்டியில் உள்ள எண்களை அப்படியே ஒப்பிட முடியாது.

மூன்றாவது, பழைய இரும்புக் கடையில் இருந்த இன்னொரு பெட்ஃபோர்டின் கார்புரேட்டர். துரு, தூசி, உள்ளே காய்ந்த பெட்ரோலின் பசை. பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. ஆனால் வெர்னியரால் அளந்தபோது தொண்டையின் விட்டம் எங்களுடையதோடு ஒத்துப்போனது. அடித்தட்டின் போல்ட் துளைகளும் அதே இடைவெளி. த்ராட்டில் நெம்புகோலும் அதே பக்கம். உடலில் வெடிப்பில்லை. இரும்பு அளவுகோலை அடித்தட்டின் மேல் குறுக்காக வைத்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். வளைவும் இல்லை.

மாமா பளபளப்பான முதலாவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்துக் கணக்கைக் காட்டினேன். இரும்புக் கடைக்காரர் அதை மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்.

பொருத்தும் வேலை

தொழிற்பயிற்சிக் கழகத்தில் அதை முழுதாகப் பிரித்துக் கழுவினோம். நுண்ணிய துளைகளைக் கம்பியால் குத்தக் கூடாது. குத்தினால் அளவு மாறிவிடும். துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊத வேண்டும். புதிய கேஸ்கெட்டும் மிதவை ஊசியும் போட்டோம். எங்கள் பழைய கார்புரேட்டரின் ஜெட் பெரிதாக்கப்பட்டது என்பதால் அதைத் தொடவில்லை. வாங்கியதில் இருந்த ஜெட்டின் எண்ணை இயந்திரக் கையேட்டோடு ஒப்பிட்டு உறுதி செய்தோம். போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக, இரு பக்கமும் மாறி மாறி முறுக்கினோம். ஒரே பக்கத்தை இறுக்கினால் புதிய காதும் வெடித்துவிடும்.

பெட்ரோல் வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். அருகில் நெருப்போ சிகரெட்டோ கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழாயில் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சவே கூடாது.

வண்டி நின்ற நிலையில் சீராக ஓடியது. வெற்றிட மானி 18 அங்குலம் காட்டியது. நல்ல நிலையில் உள்ள இயந்திரம் 17 முதல் 21 வரை காட்டும். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு பிளக்குகளைக் கழற்றினோம். வெளிர் பழுப்பு. தோட்டத்து மேட்டில் முன்பு முதல் கியருக்கு இறங்கிய வண்டி இப்போது இரண்டாவது கியரிலேயே ஏறியது. வாங்க வந்தவரிடம் மாமா, "விக்கறதா இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இளையோருக்கு

இதே முறை எந்தப் பழைய இயந்திரத்துக்கும் பொருந்தும். கோளாறு எங்கே என்று முதலில் நிரூபியுங்கள். பழையதைச் செப்பனிட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இயந்திரத்தின் காற்றுத் தேவையைக் கணக்கிடுங்கள். தொண்டை விட்டம், போல்ட் இடைவெளி, நெம்புகோல் இருக்கும் பக்கம், உயரம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஜெட்டும் கேஸ்கெட்டும் நாளைக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். விலையைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு மலேசியத் திறன் சான்றிதழ் வழியாக வாகனத் துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள் பலர், "கணக்கும் இயற்பியலும் பட்டறைக்கு எதற்கு?" என்று கேட்கிறார்கள். ஒரு பெருக்கலும் பெர்னூலியின் ஒரு கோட்பாடும்தான் எங்களுக்கு மூன்று கார்புரேட்டர்களில் சரியானதைக் காட்டின. பள்ளிப் பையை மூடும்போது அந்தப் பாடங்களையும் சேர்த்து மூடிவிடாதீர்கள். வெர்னியரைக் கையில் எடுக்கும் நாளில் அவை தேவைப்படும்.