ஓரிரு இடங்களில் இடியுடன் மழை

சித்திரை பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் வானிலை அறிக்கைக்குச் செவி சாய்க்காத உழவர் இல்லை எனலாம். "பகல் வெப்பம் இயல்பைவிட மிகும், ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும்" என்பதே அதன் வழக்கமான வாசகம். மறுநாள் நம் ஊரில் புழுதி மட்டும் பறக்க, நான்கு கல் தொலைவில் ஓடை பெருகியிருந்தால் அறிக்கை பொய்த்ததென்று முணுமுணுக்கிறோம். 'ஓரிரு' என்ற சொல்லை மட்டும் நாம் காதில் வாங்குவதில்லை.

வானிலைத் துறையினர் இச்சொற்களை அளந்தே வழங்குகின்றனர். ஒரு வட்டாரத்து மழைமானி நிலையங்களுள் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகுமெனில் 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 வரை எனில் 'ஒரு சில இடங்கள்'. 75 வரை எனில் 'பல இடங்கள்'. அதற்கு மேற்பட்டால் 'பெரும்பாலான இடங்கள்'. நூற்றில் முக்கால் பங்கு வறண்டு கிடப்பினும் 'ஓரிரு இடங்களில் மழை' என்ற கூற்று மெய்யேயாகும்.

கோடை மழை இவ்வாறு சிதறிப் பெய்வதேன்? கோவை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்தது. அம்மலைச்சுவரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். பகலெல்லாம் காய்ந்த நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்கி மேலெழுப்புகிறது. பிற்பகலில் அரபிக்கடலின் ஈரக்காற்று கணவாய் வழியே நுழைகிறது. இரண்டும் கூடுமிடத்திலும் மலைச்சரிவுகளிலும் கார்திரள் மேகம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கும். உயரம் அத்துணை இருப்பினும் அகலம் சில கிலோமீட்டரே. ஒரு தனி மேகத்தின் ஆயுளும் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான். அது எந்த ஊரின்மேல் திரளும் என்பதை முந்தைய நாளே உரைக்க எவராலும் இயலாது. கடும் வெப்பமும் மழையும் ஒரே அறிக்கையில் இடம்பெறுவதும் இதனாலேயே. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஈரோட்டு வெப்பம் 42 பாகை செல்சியசைக் கடந்தது. அந்த மே மாதப் பிற்பகுதியிலேயே தமிழகத்தில் கோடை மழையும் வலுத்தது.

மழையைவிட அதற்கு முன்னோடும் காற்றே நமக்கு அச்சம் தருவது. மழைத்துளிகள் குளிரச்செய்த காற்று கனத்து, மேகத்திலிருந்து கீழே விழுந்து, தரையில் மோதி நாற்புறமும் சிதறுகிறது. 'குளுகுளுவென்று வீசுகிறதே' என நகரத்தார் மகிழும் அதே காற்று, சிறுமுகை, மேட்டுப்பாளையம், தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தார் விட்ட வாழைகளை முறித்துச் சாய்த்துவிடும். ஓராண்டு உழைப்பு ஒரு கால் மணி நேரத்தில் மண்ணாகும். பல்லடம், சூலூர்ப் பக்கத்து மானாவாரி உழவருக்கோ அம்மழை கோடை உழவுக்கு வாய்த்த நற்பேறு.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்ப்பது நன்று. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது. புளிய மரத்தடியையும் தென்னந்தோப்பையும் விட்டு உறுதியான கட்டடத்தினுள் புகுதல் வேண்டும். கடைசி இடிக்குப் பின்னும் அரை மணி நேரம் வெளியே வரலாகாது.

நாள் அறிக்கையோடு, அடுத்த மூன்று மணி நேரத்திற்கு மாவட்டவாரியாக வரும் உடனடி முன்னறிவிப்பையும் இப்போது கைப்பேசியிலேயே காணலாம். மேயும் ஆடுமாடுகளை ஓட்டி வர அது போதும். வாழைக்கு அது போதாது; 'ஓரிரு' என்ற சொல் முதன்முதல் காதில் விழும் பங்குனியிலேயே தோட்டக்காரர் முட்டுக்கம்புகளைத் தேடத் தொடங்கிவிடுகிறார்.