முயல் தன் புழுக்கையைத் தின்னலாமா?

புதுச்சேரியை அடுத்த பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் ஆசைப்பட்டான் என்று இரண்டு முயல்குட்டிகள் வாங்கி வந்தார்களாம். வந்ததிலிருந்து கூண்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. காரட்டை மோந்துகூடப் பார்ப்பதில்லை. விடியற்காலையில் ஒன்று குனிந்து தன் புழுக்கையையே தின்றது. இது நோயா என்று கேட்கிறார். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

நோயில்லை. முயல் உயிர்வாழும் வழியே அதுதான்.

முயலுக்கு இருவகைப் புழுக்கை உண்டு. கூண்டைக் கூட்டும்போது நம் கண்ணில் படுவது உருண்டையான, காய்ந்த வகை. மற்றது மிருதுவானது, சளிப்படலம் மூடி, பளபளப்பாக, சிறு கொத்தாக வெளிவரும். முயல் வாயைக் கீழே கொண்டுபோய் ஆசனவாயிலிருந்தே அதை எடுத்து, மெல்லாமல் விழுங்கிவிடும். அதனால்தான் பல வருடம் முயல் வளர்த்தவர்கள்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். 1882இல் மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதை விவரித்து எழுதினார். பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஏன் இந்தச் சுற்றுவழி? மாட்டுக்குப் புல்லை நொதிக்கவைக்கும் அறை வயிற்றின் முன்பக்கம் இருக்கிறது. முயலுக்கு அது பின்பக்கம், குருட்டுக்குடலில். பெருங்குடல் அங்கே ஒரு சல்லடை வேலை செய்கிறது. முரட்டு நாரை முன்னே தள்ளிக் காய்ந்த புழுக்கையாக்குகிறது. நுண்ணிய துகளையும் நீரையும் திருப்பிக் குருட்டுக்குடலுக்கு அனுப்புகிறது. அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புரதமாகவும் பி வைட்டமின்களாகவும் மாற்றுகின்றன. ஆனால் சிறுகுடலைக் கடந்தாகிவிட்டதே, இனி உறிஞ்சுவது எப்படி? வெளியே விட்டு மறுபடி உள்ளே அனுப்ப வேண்டியதுதான். தேங்காயில் முதல் பால் எடுத்தபின் சக்கையை எறியாமல், வெந்நீர் விட்டு இரண்டாம் பால் பிழிவாரே என் அம்மா, அந்தச் சிக்கனம் இது. இதைத் தடுத்தால் முயல் இளைத்துப்போகும்.

இந்தக் குடல் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது. நின்றால் ஆபத்து. வாயு சேரும், வலிக்கும், வலியால் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. குடலை நிறுத்தக்கூடிய முக்கியமான காரணங்களில் ஒன்று பயம். புது வீடு, புது வாசனை, தெருநாய்க் குரைப்பு, கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஹாரன், ஓயாமல் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகள் எல்லாம் அதன் வயிற்றில்தான் போய் முடிகின்றன. அதனால் முதல் சில நாட்கள் உங்கள் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். கூண்டுக்குள் இருபுறமும் வாசல் வெட்டிய ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். வளைதோண்டி வாழ்ந்த குலம். ஒளிய இடமிருந்தால்தான் தைரியம் வரும். மகனைக் கூண்டருகே தரையில் உட்கார்ந்து பாடம் படிக்கச் சொல்லுங்கள். முயல் தானாக வந்து மோந்து பார்க்கட்டும். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் கால்தான். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. அதை வித்தை போலக் காட்டும் வியாபாரிகளிடம் முயல் வாங்காதீர்கள். தூக்கியே ஆகவேண்டுமென்றால் பின்னங்கால்களை ஒரு கையால் தாங்குங்கள். துள்ளி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

காரட்டை மறந்துவிடுங்கள். அதில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டு போதும். புல்தான் அதன் சோறு. மருந்து தெளிக்காத இடத்து அருகம்புல், வேலிமசால், உலர்ந்த புல் எந்நேரமும் இருக்கட்டும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை. அவற்றைத் தேய்ப்பதும் புல்தான். விற்றவர் என்ன தீனி கொடுத்தார் என்று கேட்டு அதையே கொஞ்சநாள் தொடர்ந்து, மெல்ல மாற்றுங்கள். தீனி திடீரென்று மாறினால் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் குலைந்துவிடும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளர்ப்பு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நடக்கும் இடங்களில் கொடைக்கானல் மலையின் மன்னவனூர், நீலகிரியின் சாண்டிநல்லா போன்ற குளிர்ந்த இடங்களும் உண்டு. முயலுக்கு வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். மே மாதத்துப் புதுச்சேரிப் புழுக்கத்தில் தகரக்கூரைக்கடியிலோ மொட்டைமாடியிலோ கூண்டை வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். வீட்டின் குளிர்ந்த அறை, படுக்க ஒரு தரை ஓடு, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைப்பது என்று இவ்வளவாவது செய்யுங்கள்.

‘ஜோடி’ என்று விற்றிருந்தால் ஆணா பெண்ணா என்பதை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினைபிடிக்கும். குட்டிகள் பெருகியதும் சிலர் சவுக்குத் தோப்பில் விட்டுவிடுகிறார்கள். நாய்க்கு இரையாகவே அவற்றை அனுப்புகிறார்கள். தோப்பில் நீங்கள் பார்க்கும் காட்டுமுயல் வேறு இனம். அது வளை தோண்டாது, கண் திறந்து ரோமத்தோடு பிறக்கும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. அதன் குட்டியை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது.

உங்கள் முயல்கள் பயத்தில் ஒடுங்கியிருப்பது இயல்பு. ஆனால் பட்டினி கிடப்பதை இயல்பென்று விடக்கூடாது. இரவு வைத்த புல் காலையில் அப்படியே கிடந்து, புழுக்கையும் இல்லையென்றால் மாலைவரை காத்திருக்காதீர்கள். புதுச்சேரியின் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள். மெடிக்கலில் அமாக்சிசிலின் வாங்கி நீங்களே வாயில் ஊற்றிவிடாதீர்கள். நமக்கு நல்லது செய்யும் அந்த மருந்து முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து அதைக் கொன்றுவிடும்.