ஆதாரம் இருக்கா மச்சி?

செமஸ்டர் நாள். காலை எட்டரை மணி. காலேஜ் வாசல் பிள்ளையார் முன்னாடி ஹால் டிக்கெட்டும் கையுமா ஒரே கூட்டம்.

''சாமியைக் கண்ணால பார்த்தியாடா? அப்புறம் எப்படி நம்புற?''

''நீ காத்தைப் பார்த்திருக்கியா?''

பெல் அடிச்சதும் ரெண்டு கோஷ்டியும் ஒண்ணா ஹாலுக்கு ஓடும்!

'காத்து' பதில் கொஞ்சம் வீக்தான். காற்றை எடை போட்டே காட்டலாம். நெப்டியூன் கிரகத்தைக்கூட முதலில் கணக்கு போட்டுத்தான் கண்டுபிடிச்சாங்க. லெவெரியே சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே 1846-ல் பெர்லின் டெலஸ்கோப்பில் அது சிக்கியது. அங்கே இல்லாமல் போயிருந்தால், கணக்கு தப்புனு ஆகியிருக்கும். நம்ம கதை அப்படியா? பாஸானா கடவுள் அருள், அரியர் விழுந்தா கடவுள் வெச்ச சோதனை!

சரி, ஆதாரம் இல்லாம நம்புறது முட்டாள்தனமா? இதுக்கு 19-ம் நூற்றாண்டிலேயே ஒரு செம ஃபைட் நடந்திருக்கு.

லண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்த கிளிஃபோர்டு, 1877-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழசு, ரிப்பேர் பார்க்கணும்னு அவருக்கே தெரியும். செலவை நினைச்சு, 'இத்தனை தடவை பத்திரமா போச்சே, கடவுள் பார்த்துப்பார்'னு மனசைத் தேத்திக்கிட்டு பயணிகளை ஏத்தி அனுப்பிடறார். நடுக்கடலில் கப்பல் முழுகிடுது. அந்தப் பாவம் அவரைத்தானே சேரும்? கப்பல் பத்திரமா போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் செஞ்சது தப்புதான் என்கிறார் கிளிஃபோர்டு. ஆதாரம் இல்லாமல் எதையும், யாரும் நம்பக் கூடாது என்பது அவர் கட்சி.

1896-ல் பதில் கொடுத்தவர் ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ். யேல், பிரவுன் பல்கலைக்கழகங்களின் தத்துவ மன்றங்களில் பேசிய உரை அது. சில கேள்விகளை ஆதாரத்தால் தீர்க்க முடியாது. தள்ளியும் போட முடியாது. அங்கே மனசு முடிவெடுக்கலாம் என்றார். வேறொரு கட்டுரையில் அவர் சொன்ன உதாரணம்: மலையில் மாட்டிக்கிட்டவன் பள்ளத்தைத் தாண்டியே ஆகணும். 'என்னால முடியும்'னு நம்பினா கால் உறுதியா எம்பும். சந்தேகப்பட்டா சறுக்கும்.

நல்ல பாயின்ட்தான். ஆனா, நம்பிக்கை தாண்டுறவன் காலுக்குத்தான் பலம் தரும். நாம நம்புறதால கடவுள் உண்டுனு ஆகிடாது; நம்பாததால இல்லைனும் ஆகிடாது.

அப்போ யார் பக்கம் நிற்கிறது? எனக்கு விடை கிடைச்சது ஹாஸ்டல் ரூமில். என் ரூம்மேட்டின் அம்மாவுக்கு சர்க்கரை முத்திப்போச்சு. 'ஊசியை நிறுத்திட்டு வேண்டிக்கோ, சரியாகிடும்'னு சொந்தக்காரர்கள் சிலர் அட்வைஸ். அவன் பழனிக்கு நடந்து போறதா வேண்டிக்கிட்டான். ஆனா, இன்சுலின் ஒரு வேளைகூடத் தவறலை.

''பாரத்தை முருகன் மேல போட்டேன்டா. ஊசியை நான்தான் போட்டேன்'' என்றான்.

அவன் வேண்டுதல் ஜேம்ஸ் கணக்கு; அது அவன் மனசு, அவன் கால்வலி. ஊசி கிளிஃபோர்டு கணக்கு. அது இன்னொருத்தர் உயிர். அங்கே ஆதாரம் கேட்டே ஆகணும்.

நீங்க நம்புங்க, நம்பாம இருங்க... உங்க இஷ்டம். ஆனா, உங்க கப்பலில் வேற யாராவது ஏறியிருக்காங்களானு ஒரு தடவை திரும்பிப் பாருங்க!