உரக் கூடமும் நம் கருத்தும்

நம் நாட்டு வீடுகளில் சேரும் குப்பையில் கணிசமான பகுதி உணவுக் கழிவே ஆகும். குப்பை மேட்டில் புதையும் அக்கழிவு மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. அதையே முறையாக மக்கச் செய்தால் செடிகளுக்கு உரமாகிறது. ஆகவே, உரம் தயாரிக்கும் கூடங்கள் நமக்குத் தேவை. ஆயினும், "எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் வேண்டாம்" என்ற எதிர்ப்பும் எழுவதுண்டு. இந்த அச்சம் காரணமற்றதன்று. காற்றோட்டம் குறைந்து ஈரம் மிகுந்தால் குவியல் அழுகி நாற்றமெடுக்கும், ஈக்கள் மொய்க்கும், கழிவுநீர் கால்வாயில் கலக்கும்.

அப்படியானால், மக்கள் எங்கே, எப்போது பேசுவது?

நிலத்தை இத்தகைய புதிய பயனுக்கு மாற்ற ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். கோலாலம்பூர் நீங்கலாகத் தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் இதற்கு வழிகாட்டுகிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமாயின், அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் காரணங்களோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம்; நேரில் விளக்கவும் கேட்கலாம்.

இங்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, 'அண்டை' என்பது பொதுவாக ஒட்டிய நிலத்தையும், 20 மீட்டருக்கு மேற்படாத சாலை அல்லது கால்வாய்க்கு அப்பாலுள்ள நிலத்தையுமே குறிக்கும். வாடகைக்குக் குடியிருப்போருக்குக் கடிதம் வராது. நாற்றத்திற்கோ இந்த 20 மீட்டர் கணக்குத் தெரியாது! இரண்டாவது, உள்ளூர்த் திட்டம் நடப்பில் உள்ள இடத்தில் இவ்வறிவிப்பை அனுப்பச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனவே, அத்திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலமே முக்கியமானது. ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரங்கள் தரப்படும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமல்லவா?

"வேண்டாம்" என்ற ஒரு சொல்லைவிட நிபந்தனைகளைக் கேட்கும் கடிதமே பயன் தரும். கூரை உண்டா, கழிவுநீர் எங்கே தேங்கும், ஒரு நாளைக்கு எத்தனை டன் கழிவு வரும், லோரிகள் எந்நேரத்தில் வரும், புகாரை யாரிடம் சொல்வது என்று கேட்கலாம். மன்றம் நிபந்தனைகளோடு அனுமதி வழங்கச் சட்டத்தில் இடமுண்டு.

இத்தகைய அறிவிப்புகள் தேசிய மொழியில் வருகின்றன. அவற்றைப் படித்துப் பதில் எழுதத் தயங்கும் பெரியவர்கள் நம் குடியிருப்புகளில் பலர் உள்ளனர். இரு மொழியும் கற்ற மாணவர்களாகிய நாம் அவர்களோடு அமர்ந்து அக்கடிதத்தை எழுதித் தர முன்வர வேண்டும்.