கிளாகோமா: இருக்கும் பார்வையைக் காப்பாற்றும் வழிகள்

கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். கண் சிகிச்சை என்றாலே நம் மனதில் நிற்பது அதுதான். அதே எதிர்பார்ப்போடு கிளாகோமா சிகிச்சைக்கு வருகிறவர்கள், ஆறு மாதம் மருந்து போட்டும் பார்வை கூடவில்லையே என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய பிறகும் உடனே எதுவும் தெரியாது. வலி இருக்காது. பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் தேயும். ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும். தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பில் கிளாகோமா இருந்தவர்களில், பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அதுவரை அது தெரிந்திருக்கவே இல்லை.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வரை சுரந்துகொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழியின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக அது வடிய வேண்டும். வடிவது தடைப்பட்டால் கண்ணின் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாக மடியும். இதுதான் கிளாகோமா. மடிந்த இழையை உயிர்ப்பிக்க இன்றுவரை மருந்து இல்லை. அதனால் சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் மூன்றும் செய்வது ஒரே வேலைதான்: அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் நரம்பைக் காப்பது.

எவ்வளவு குறைக்க வேண்டும்? பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பார்கள். ஆனால் 16, 17 அழுத்தத்திலேயே நரம்பு கெட்டுப்போகிறவர்களும் உண்டு. நரம்பின் நிலையைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கை மருத்துவர் வைப்பார். சுவீடனில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்றில், அழுத்தம் 1 மி.மீ. குறைந்தாலே நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. கண் அழுத்தம் வேறு, ரத்த அழுத்தம் வேறு; பி.பி. மாத்திரை சாப்பிடுகிறோமே என்று இருந்துவிடக் கூடாது.

பெரும்பாலானோருக்கு முதலில் எழுதித் தருவது சொட்டு மருந்து. லட்டானோபிராஸ்ட் வகையை இரவில் ஒரு முறை போட்டால் போதும். கண் சிவக்கலாம், இமை முடி நீளலாம், இமைத் தோல் கறுக்கலாம். டிமோலால் விலை குறைந்த, பழகிய மருந்து. ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் இதயத் துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. கண்ணில் விடும் ஒரு சொட்டு மூச்சுக்குழாயை என்ன செய்துவிடும் என்று நினைத்து வீசிங் இருப்பதைச் சொல்லாமல் விடுகிறோம். தயவுசெய்து சொல்லுங்கள்.

போடும் முறையிலும் கவனம் வேண்டும். கையைக் கழுவி, அண்ணாந்து, கீழ் இமையை விரலால் இழுத்தால் ஒரு சிறு குழி கிடைக்கும். பாட்டில் முனை கண்ணில் படாமல் அதில் ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலப்பது இதனால் குறையும். இரண்டாவது மருந்து இருந்தால் 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். உடனே போட்டால் முதல் மருந்து வழிந்துவிடும்.

தினமும் மருந்து போடச் சிரமப்படுகிறவர்கள் எஸ்.எல்.டி. லேசர் பற்றிக் கேட்க வேண்டும். வடிகால் திசுவில் லேசர் பாய்ச்சி நீர் வடிவதை எளிதாக்குவது இது. சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதலிலேயே இந்த லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் முக்கால் பங்கினருக்கு மூன்று ஆண்டுகள் வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. அதன் பலன் நாளடைவில் குறையலாம், மறுபடி செய்துகொள்ளலாம்.

வடிகால் திசு அமைந்திருக்கும் மூலை, அதாவது கோணம், குறுகியிருப்பவர்களுக்குச் சிகிச்சை வேறு. கண்ணின் நிறத் திரையில் லேசரால் ஒரு நுண்துளை இடுவார்கள். சிலருக்குக் கண்ணின் லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தாலே கோணம் திறந்துவிடும். இவர்களில் சிலருக்கு அழுத்தம் திடீரென்று ஏறும்: கடுமையான கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். பித்தம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மருந்தும் லேசரும் போதாதபோது ஆபரேஷன். 1960களிலிருந்து நிலைத்திருப்பது டிராபெகுலெக்டமி. கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிறு கதவுபோல ஒரு மடிப்பு வெட்டி, அதன் அடியில் துளையிட்டு, நீர் வெளிவர புதுப்பாதை அமைப்பார்கள். மேல் இமைக்கு அடியில் ஒரு சிறு கொப்புளம் எழும்; அது இருந்தால் பாதை வேலை செய்கிறது என்று பொருள். தழும்பு கட்டிப் பாதை மூடாமலிருக்க மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவுவது வழக்கம். ஆபரேஷன் அன்றோடு வேலை முடியாது. முதல் சில வாரங்கள் அடிக்கடி போக வேண்டும். தையலைத் தளர்த்துவதும் மருந்தை மாற்றுவதும் அப்போதுதான். பார்வை சில வாரம் மங்கியே இருக்கலாம். எத்தனை ஆண்டு கழித்தும் அந்தக் கண் சிவந்து, வலித்து, பீளை கட்டினால் அன்றைக்கே காட்ட வேண்டும். கொப்புளம் வழியாகத் தொற்று உள்ளே போனால் கண்ணே போகலாம்.

அந்த ஆபரேஷன் பலிக்காதவர்களுக்கு நீர் வடிய நுண்குழாய் பொருத்துவார்கள். வெளிநாட்டுக் கருவிகளின் விலை நம் ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. மதுரை அரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் அத்தகைய குழாயைத் தயாரித்தது. இது இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டிய சாதனை. கண்புரை ஆபரேஷனோடு சேர்த்துப் பொருத்தும் மிகச் சிறிய ஸ்டென்ட்களும் வந்துள்ளன. அவை ஆரம்ப, நடுத்தர நிலைக்குத்தான் பொருந்தும்.

கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டுகளும் அழுத்தத்தை ஏற்றும், சீட்டில்லாமல் வாங்காதீர்கள். உங்களுக்கு கிளாகோமா என்றால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது அவர்களையும் அழைத்துப் போங்கள். அழுத்தம் மட்டும் பார்த்து அனுப்பினால் போதாது; கண்ணில் மருந்து விட்டுப் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.