கெட்டி ஆயில் யாருக்கு?

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 காரின் டாக்கோமீட்டரில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. சிவப்புக் கோடு 8,000 ஆர்பிஎம்மில் இருக்கிறது. ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட் செய்யும்போது, அதற்கு வெகு முன்னாலிருந்தே வட்டத்தின் ஓரத்தில் சின்னச் சின்ன ஆரஞ்சு விளக்குகள் வரிசையாக எரியும். இப்போதைக்கு இதற்கு மேல் மிதிக்காதே என்று அர்த்தம். ஆயில் சூடேறச் சூடேற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, ஓட்டுநருக்குக் கிடைக்கும் வேகம் மேலே நகர்ந்துகொண்டே போகும். கவனியுங்கள், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைப் பார்த்து இது நடப்பதில்லை. ஆயிலின் சூட்டைப் பார்த்து நடக்கிறது. அதே டயலுக்குள் ஆயில் டெம்பரேச்சருக்கென்று தனி முள்ளும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காரின் எஸ்54 இன்ஜினுக்கு பிஎம்டபிள்யூ குறித்துக் கொடுத்த ஆயில், காஸ்ட்ரோலின் 10டபிள்யூ-60. ஆயிலின் கெட்டித்தனத்தைத் தரம் பிரிக்கும் எஸ்.ஏ.இ. அட்டவணையில் 60-க்கு மேல் கிரேடே கிடையாது. இன்ஜினோ ஆறு சிலிண்டர், 3,246 சிசி, 7,900 ஆர்பிஎம்மில் 343 குதிரைசக்தி. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 91 மில்லிமீட்டர். 8,000 சுற்றில் கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 24 மீட்டரைத் தாண்டுகிறது. 18,000 ஆர்பிஎம்மில் அலறிய 2.4 லிட்டர் ஃபார்முலா 1 வி8 இன்ஜின்களின் பிஸ்டன் வேகமும் ஏறக்குறைய இவ்வளவுதான். இத்தனை வேகத்தில் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் வேலை முழுவதும் கனெக்டிங் ராடின் கீழ் முனையில் இருக்கும் பேரிங்கின் தலையில் விழுகிறது. 2001 முதல் 2003 வரை தயாரான கார்கள் சிலவற்றில் அந்த பேரிங்தான் அடித்துப் போனது. கம்பெனி கார்களை வரவழைத்து பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது.

இந்தக் கதையிலிருந்து கார்ப் பிரியர்கள் நடுவே ஒரு நம்பிக்கை ஊன்றிவிட்டது. வேகமான இன்ஜினா, கெட்டி ஆயில் ஊற்று. நம் ஊரில் டர்போ ஹாட்ச்பேக்கை ரீமேப் செய்த கையோடு, “அண்ணே, 10டபிள்யூ-60 ஊத்திடலாமா?” என்று மெக்கானிக்கிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊற்றலாமா கூடாதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் ஆயில் எத்தனை டிகிரி வரை சூடாகிறது, தம்பி? அது தெரியாமல் கேனில் உள்ள எண்ணை வைத்து முடிவெடுப்பது, ஜுரம் எவ்வளவு என்று பார்க்காமலே மாத்திரையைக் கூட்டுவது மாதிரி.

கேனில் எழுதியிருப்பது என்ன? டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் இன்ஜின் சுற்ற முடியுமா என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ கார் ஓட்டுபவருக்கு இதனால் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. பின்னால் உள்ள எண்தான் நமக்கு முக்கியம். ஆயிலை 100 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாகத் தன் எடையாலேயே இறங்க விட்டு, எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறார்கள். சென்டிஸ்டோக் கணக்கில் 9.3 முதல் 12.5 வரை வந்தால் 30 கிரேடு. 16.3 வரை 40. 21.9 வரை 50. அதற்கு மேல் 26.1 வரை 60.

நூறு டிகிரி என்பது சோதனைக்கூடத்தின் வசதிக்கு வைத்த எண். இன்ஜின் அங்கே நின்றுகொண்டிருப்பதில்லை. 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் காட்டும் ஒரு 5டபிள்யூ-40 ஆயிலை எடுத்துக்கொள்வோம். முப்பது டிகிரி இருக்கும் சென்னைக் காலையில் அது 130-க்குப் பக்கத்தில் இருக்கும். சம்பில் 120 டிகிரி ஏறினால் 9.4-க்கு இறங்கிவிடும், அதாவது 30 கிரேடின் அடிமட்டம். 130 டிகிரியில் எட்டுக்கும் கீழே. 20 கிரேடு ஆயில் 100 டிகிரியில் இருக்கும் கனம்தான் அது. கேனில் 40 என்று அச்சடித்திருப்பது அப்போது எந்த உதவிக்கும் வராது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ, கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, ஆயில் கூலர் இல்லாத காரை விடாமல் சுற்றினால் 130-ஐத் தொடுவது அதிசயமில்லை. ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஊர்ந்து அலுவலகம் போகும் அதே காரில் ஆயில் அந்தப் பக்கமே போகாது. கார் ஒன்றுதான், இன்ஜின் ஒன்றுதான், ஆனால் தேவைப்படும் ஆயில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பேரிங்குக்குள் ஆயில் என்ன செய்கிறது என்பதை முதலில் கண்முன் பார்த்தவர் பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலேய இன்ஜினியர். 1880-களின் தொடக்கத்தில் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே வந்து வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். பிதுங்கி வெளியே வந்தது. மரத்தில் அடைப்பான் செய்து அடித்தார்; அதுவும் வந்துவிட்டது. பிரஷர் கேஜைப் பொருத்திப் பார்த்தபோது முள் 200 பவுண்டைத் தாண்டிப் போனது. அச்சின் மேல் இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். எந்த பம்ப்பும் அந்த அழுத்தத்தைத் தரவில்லை. சுழலும் அச்சே ஆயிலை இடுக்குக்குள் இழுத்துப் போய், அந்த ஆயில்மேலேயே தன்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டது. ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886-இல் இதற்குக் கணித விளக்கம் கொடுத்தார். இன்றைக்கும் எந்தக் காரின் கிராங்க்கும் மிதப்பது இந்த முறையில்தான்.

ஆக, மிதப்பதற்கு மூன்று வேண்டும்: ஆயிலின் பிசுக்கு, சுழலும் வேகம், அளவான இடைவெளி. இடைவெளிக்கு இன்ஜின் கட்டுபவர்களிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. கிராங்க் தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐம்பது மில்லிமீட்டர் தண்டு என்றால் 0.05 மில்லிமீட்டர். அந்த இடுக்குக்குள் 8,000 சுற்றில் தண்டின் மேற்பரப்பு நொடிக்கு 21 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆயில் அங்கே குழாயில் வழிவது போல் வழிவதில்லை. அடுக்கு அடுக்காக அறுபடுகிறது. அதனால்தான் 150 டிகிரி சூட்டில், நொடிக்குப் பத்து லட்சம் என்ற அறுப்பு வேகத்தில் இன்னொரு அளவு எடுக்கிறார்கள். எச்.டி.எச்.எஸ். என்று பெயர். கேனின் முன்பக்கம் இது இருக்காது. கம்பெனியின் டேட்டா ஷீட்டில் இருக்கும். என்னைக் கேட்டால் ஆயில் வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான்.

எஸ்.ஏ.இ. விதிப்படி 20 கிரேடுக்கு இந்த அளவு குறைந்தது 2.6 இருக்க வேண்டும். 30-க்கு 2.9. 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5. 50-க்கு 3.7. அறுபதுக்கு? அதற்கும் 3.7-தான்! 60 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர், பேரிங்குக்குள் தனக்கு 50-ஐவிட அதிகப் பாதுகாப்பு நிச்சயம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நல்ல 10டபிள்யூ-60 ஆயில்கள் இந்தக் குறைந்தபட்சத்தைவிட வெகு மேலே நிற்கும். ஆனால் அது அந்த ஆயிலின் தரம், எண்ணின் தரம் அல்ல. குளிரில் 10, சூட்டில் 60 என்று இத்தனை அகலமாக விரிய, பாலிமரை நிறையச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பாலிமர் இன்ஜினுக்குள் நாளடைவில் நறுங்கும். அறுபதாக ஊற்றியது ஐம்பதாக வெளியே வருவது இதனால்தான்.

கெட்டி ஆயிலுக்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. கெட்டி ஆயிலைக் கிழித்துக்கொண்டு சுற்றுவதில் சக்தி வீணாகிறது. அந்தச் சக்தி சூடாக மாறி ஆயிலுக்கே திரும்புகிறது. பிரஷர் கேஜில் முள் உயரே நின்றால் மனசுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் கெட்டி ஆயில் இடுக்குகளில் போகச் சிரமப்படுவதையும் அதே முள் அப்படித்தான் காட்டும். அளவு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதி திருப்பி விடப்படும். ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் நடப்பது இது. எம்3-இல் ஆரஞ்சு விளக்குகளை வைத்தவர்கள் இதை நன்றாகத் தெரிந்தே வைத்தார்கள். அந்த விளக்குகளை மதிக்காமல் ஓட்டுகிறவர் 60 ஊற்றுவதில் அர்த்தமில்லை.

அமெரிக்க இன்ஜினியர்கள் இந்தச் சிக்கலை வெளிப்படையாகவே கையாண்டார்கள். ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் இன்ஜினுக்கு 2011-இல் குறித்தது 5டபிள்யூ-20. அதே குடும்பத்து இன்ஜினை டிராக்குக்காகத் தயாரித்த பாஸ் 302-இல் வைத்தபோது 5டபிள்யூ-50. ஷெவர்லே கார்வெட் சி7-இன் கையேடு இன்னும் நேரடியாகப் பேசியது: சாலைக்கு 5டபிள்யூ-30, டிராக்குக்குப் போகும் முன் 15டபிள்யூ-50, திரும்பி வந்ததும் பழையபடி மாற்று. யார் இதைச் சலிக்காமல் செய்வார்கள்? 2019 மாடலிலிருந்து இரண்டுக்கும் பொதுவாக ஒரே 0டபிள்யூ-40 ஆயிலைக் கொண்டுவந்தார்கள். குளிரில் லேசாக ஓடி, சூட்டில் போதுமான அளவு தாங்கும் ஆயிலைச் செய்ய முடிந்தால் 60 பக்கம் போக வேண்டியதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இது.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் ஷெவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில்தான் இருக்கிறது. 2025 ஏப்ரலில், 6.2 லிட்டர் வி8 பொருத்திய பிக்கப்களையும் எஸ்யூவிகளையும் அந்தக் கம்பெனி திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள். கிராங்க்கிலும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை. சோதனையில் தேறிய இன்ஜின்களுக்கு என்ன செய்தார்கள்? 0டபிள்யூ-20-ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றி, ஆயில் மூடியையும் புதிதாக மாட்டி அனுப்பினார்கள். மைலேஜுக்காக நீர்க்கச் செய்த ஆயில், பாகங்கள் எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும்வரைதான் தாங்கும். கொஞ்சம் கனமான ஆயில் அந்தப் பிசகைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கெட்டி ஆயில் வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் நம் காருக்கு? கம்பெனி கையேட்டில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகள் அனுமதிக்கப்பட்டிருக்கும். சாலையில் மட்டும் ஓட்டுகிறவர் அதில் முதலில் குறித்திருப்பதை ஊற்றினால் போதும். டிராக்குக்குப் போகிறவர் முதலில் ஓர் ஆயில் டெம்பரேச்சர் கேஜ் மாட்டட்டும். 120-க்குள் நிற்கிறதா, கிரேடை மாற்ற அவசரமில்லை, எச்.டி.எச்.எஸ். 3.5-க்குக் குறையாத ஆயிலாகப் பார்த்து வாங்கலாம். 130-ஐத் தாண்டுகிறதா, கையேடு அனுமதித்தால் ஒரு படி ஏறலாம்; ஆனால் கூலர் வைப்பதுதான் அதைவிட நல்ல வைத்தியம். இரண்டு படி தாவுவது, இடைவெளியைக் கூட்டி இன்ஜினைத் திரும்பக் கட்டியவர்களுக்கு மட்டும்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. குறைந்த தூரம் ஓட்டி, ஆயில் சூடாகும் முன்பே அணைப்பவர்கள் காரில் இது அதிகம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறினால், முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடித்தால், ஊற்றிய கிரேடு இப்போது உள்ளே இல்லை. ஆயில் மாற்றும்போது பாதி வடிந்த பிறகு ஒரு சின்னப் புட்டியில் பிடித்து லேபுக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் மூன்று வரியைப் பாருங்கள்: 100 டிகிரியில் பிசுக்கு, பெட்ரோல் எத்தனை சதவீதம், செம்பும் ஈயமும் எவ்வளவு. முந்தைய ரிப்போர்ட்டைவிடச் செம்பும் ஈயமும் ஏறியிருந்தால் பேரிங்கைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கெட்டி ஆயில் அதைச் சரிசெய்யாது. உலோகம் ஏறாமல், நாற்பதாக ஊற்றியது மட்டும் முப்பதாக வெளியே வந்திருந்தால், கிரேடை ஏற்றுவதற்கு முன் இன்ஜெக்டர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.