மூப்பின் மேல் போடும் பழி

பழவேற்காட்டு ஏரியில் இறால் வலை கட்டத் தகுந்த இடங்களைப் 'பாடு' என வகுத்து, இன்ன நாள் இன்ன குப்பத்தாருக்கு, அந்தக் குப்பத்திலும் இன்ன தலைக்கட்டுக்கு என்று முறை வைத்துத் தொழில் செய்துவரும் மீனவர் சமுதாயத்தில், ஒருவருடைய ஞாபகசக்தி அவருடைய சொந்த விஷயமாக மட்டும் இருந்துவிடுவதில்லை. கோட்டைக்குப்பத்திலோ ஆண்டிக்குப்பத்திலோ நடுவூர் மாதாகுப்பத்திலோ, அந்த முறைக் கணக்கை ஆயுள் முழுவதும் தலையிலேயே வைத்திருந்த பெரியவர் ஒருவர், தம் வீட்டு முறை வந்து போனதையே அறியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நைனாவுக்கு வயசாயிடுச்சி, இனிமே அப்படித்தான்" என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அப்பெரியவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவருபவராயின், மூப்பின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் நோயையும், அந்நோய்க்குக் கொடுக்கும் ஔஷதத்தையும் விசாரித்தாக வேண்டும்.

வாலிபர்களிடம் துக்கமாகவும் கண்ணீராகவும் வெளிப்படும் மனச்சோர்வு, வயோதிகர்களிடம் பல சமயங்களில் பசியின்மையாகவும், உறக்கமின்மையாகவும், உடம்பெல்லாம் வலிக்கிறது என்ற முறையீடாகவும், கிழிந்த வலையைக் கையால் தொடவும் மனமில்லாத சலிப்பாகவும் வருகிறது. மனம் ஒன்றிலும் ஊன்றாதபோது கண்ணெதிரே நடப்பதும் உள்ளே பதிவதில்லை. பதியாததை நினைவுகூர்வது எங்ஙனம்? டிமென்ஷியா என்னும் மறதி நோய் போலவே தோன்றிப் பின்னர் நீங்கிவிடும் இத்தகைய மறதியை, 1961இல் கைலோ என்ற மனநல நிபுணர் 'போலி டிமென்ஷியா' என்ற பெயரால் வைத்திய உலகில் பிரசித்தமாக்கினார். நம் நாட்டில் முதியோர் மனநலத்தை ஆழ்ந்து ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவரான மதுரை டாக்டர் ஏ. வெங்கோபராவும் அவருடைய சகாவான மாதவனும் மதுரைக்கு அருகில் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வில், முதியோரிடம் காணப்பட்ட மனநோய்களுள் மனச்சோர்வே முதலிடம் பெற்றது. மனச்சோர்வுற்றவர் தம் மறதியைத் தாமே பெரிதுபடுத்திக் குறைப்பட்டுக்கொள்வதும், டிமென்ஷியா உள்ளவர் அதைச் சமாளித்து மறைக்க முயல்வதும் வைத்தியர்கள் அடிக்கடி காணும் வேறுபாடு. ஆயினும் இதை முடிவான சாட்சியமாகக் கொள்வதற்கில்லை. சிலரிடம் பின்னால் வரப்போகும் டிமென்ஷியாவுக்கு முன்னறிகுறியாகவே மனச்சோர்வு தோன்றுவதும் உண்டு.

இனி மருந்தைப் பார்ப்போம். 1957இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோலாண்ட் கூன், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிப்பதாக அறிவித்தது வைத்திய சரித்திரத்தில் ஒரு பெரிய திருப்பம். அம்மருந்தும், அதன் இனத்தைச் சேர்ந்த அமிட்ரிப்டிலினும் தாம் செய்ய வேண்டிய காரியத்தோடு நில்லாமல், நரம்புகளிடையே செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையையும் தடுத்துவிடுகின்றன. ஓட்டோ லோவி 1921இல் தவளை இதயங்களைக் கொண்டு நடத்திய சோதனையால் வெளிப்பட்ட அப்பொருள், கவனத்துக்கும் புதிய நினைவுகள் பதிவதற்கும் இன்றியமையாதது. ஆகவே வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர்த் தடை ஆகியவற்றோடு மறதியும், சிலருக்குத் திடீரென்று சித்தக் குழப்பமும் நேர்கின்றன. வயது ஏற ஏற ஈரலும் சிறுநீரகமும் மந்தப்படுவதால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கி இத்தொல்லையை மிகுவிக்கிறது. இப்பழைய மருந்துகளை முதியோரின் மனச்சோர்வுக்கு முதலில் எழுதும் வழக்கம் குறைந்துவிட்டாலும், சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் இன்றும் எழுதப்படுகிறது. அரிப்புக்கென்று வாங்கும் அவில் மாத்திரைக்கும் ஓரளவு இதே குணம் உண்டு. தனித்தனியே அற்பமானவை ஒரே உடலில் சேரும்போது அற்பமாக இருப்பதில்லை.

பின்னால் வந்த ஃபுளூவாக்ஸிடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை அசிட்டைல்கோலினை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. ஆனால் அவற்றால் வரக்கூடிய அபாயம் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து கலக்கும்போது ஏரியின் கரிப்புக் குறைவதைப் பழவேற்காட்டார் ஆண்டுதோறும் காண்கிறார்கள். அதைப் போலவே, இம்மருந்துகள் சில முதியோரின் சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றாது நிறுத்திவைக்கும்படி செய்துவிட, இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போகிறது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அது வெகுவாகத் தாழ்ந்தால் குமட்டல், தள்ளாட்டம், குழப்பம், கடைசியில் வலிப்பும் உண்டாகலாம். பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதற்சில வாரங்களில் நிகழும் இது, பெண்களுக்கும், மெலிந்தவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்களுக்கும் எளிதில் வருகிறது. இதற்கு வீட்டிலேயே உப்பைக் கூட்டிப் போடுவது பரிகாரமாகாது. சாதாரண இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து வைத்தியர் திருத்த வேண்டிய கோளாறு இது.

தூக்கத்துக்கென்று தரப்படும் அல்பிரசோலம், குளோனசெபம் முதலியவை மறதியோடு, விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தையும் வளர்க்கின்றன. 1938இல் ரோம் நகரில் தொடங்கிய மின்சிகிச்சையோ, ஆகாரத்தையே மறுத்துக் கிடக்கும் கடுமையான நோயாளிக்கு உயிர்காப்பாக உதவக்கூடியது. அச்சிகிச்சைக் காலத்தில் புதியன பதியாமை பெரும்பாலும் சில வாரங்களில் நீங்கினாலும், அதற்கு முந்திய சில மாதங்களின் நினைவுகள் சிலருக்குத் திரும்பாமலே போகலாம். தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் குறுகிய துடிப்புகளாக மின்சாரத்தைச் செலுத்தும் முறை இந்நஷ்டத்தைக் குறைக்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி இச்சிகிச்சை செய்வதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இத்தனை காரணங்களுள் எது மெய்யானது என்று தெளிவதற்கு வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி, "எப்போது ஆரம்பித்தது?" என்பதுதான். மருந்துக்கு முன்பே சோர்வோடு சேர்ந்து வந்த மறதியாயின் நோயின் மேலும், புதிய மாத்திரை தொடங்கிய நாட்களில் வந்ததாயின் மருந்தின் மேலும், பல மாதங்களாகச் சிறுகச் சிறுக முற்றி, சோர்வு நீங்கிய பின்னும் வளர்வதாயின் டிமென்ஷியாவின் மேலும் சந்தேகம் செல்லும். இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வீட்டாரே. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வாசலுக்கே வந்த இரத்த அழுத்த மாத்திரை, மனநல மருத்துவர் எழுதிய மாத்திரை, மெடிக்கலில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை என வெவ்வேறு கைகளிலிருந்து வந்தவை யாவும் ஒரே பையில் கிடப்பதால், அந்தப் பையை அப்படியே வைத்தியர் முன் கொட்டிக் காட்டுவதும், ஒவ்வொன்றும் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பதும் மிகுந்த பயன் தரும். முதியோருக்குச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவதே முறை. எஸ்சிட்டலோபிராம் பொதுவாக நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் செல்வதில்லை. மருந்து தொடங்கும் முன்னும், இரண்டு வாரங்கள் கழித்தும் சோடியத்தைப் பரிசோதிப்பது நல்லது. தைராய்டு, பி12, செவி, பார்வை ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

மறதிக்கு அஞ்சி மருந்தை வீட்டாரே திடீரென்று நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தலைசுற்றலும் பதற்றமும் ஒருபுறம் வர, அடங்கியிருந்த சோர்வு மீண்டும் தலையெடுத்து, எந்த ஞாபகசக்தியைக் காக்க எண்ணினார்களோ அதையே கெடுத்துவிடும். நேரில் செல்லத் தாமதமானால், அரசாங்கத்தின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை பெறலாம். திடீர்க் குழப்பமோ வலிப்போ கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மூப்பைத் திருப்பிவைக்க எந்த வைத்தியத்தாலும் ஆகாது. ஆனால் சோர்வைத் தணிக்கவும், மாத்திரையின் அளவை மாற்றவும், நீர்த்துப்போன சோடியத்தைச் சீராக்கவும் வழியிருக்கிறது. ஆதலால் திருத்தக்கூடிய காரணங்களை முதலில் தேடிப் பார்த்து, அவை ஒன்றும் இல்லையென்று தெளிந்த பிறகே வயதைக் குற்றம் சொல்வது, வீட்டார்க்கும் வைத்தியர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.